வெண்டல் ப்ரூசாக்கின் இடது முழங்கால்

"ப்ரூசாக், வெண்டல். கேச்சர். வயது இருபத்தொன்பது. இடது முழங்காலில் காயம். முழு ஓய்வில் இருக்கிறார்." கார்வர் மஸ்க்ராட்ஸ் பேஸ்பால் அணி மே மாதம் வெளியிட்ட அறிவிப்பு இது. இதில் பெயரும் வயதும் சரி.

முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. நடந்தது வேறு. கார்வர் மாதிரிச் சோளக்காட்டு ஊர்களில் ஆட்டக்காரர்களை ஊறப்போட்டு வைத்திருக்கும் பெரிய அணி ஒன்று உண்டு. மேலிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மேலிடம், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேச்சர் ஒருவனை, பத்தொன்பது வயதுக்காரனை, பெரும் விலை கொடுத்து வாங்கி, கார்வரில் இறக்கியது. ஆட்டக்காரர் பட்டியலில் அவனுக்கு இடம் இல்லை; அடிபட்டவர் பெயரை எடுத்தால்தான் இடம் வரும். யாருக்காவது அடிபட்டாக வேண்டும். ஆனால் எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள்.

ஆட்டக்காரர்கள் 'ஸ்கிப்' என்று அழைக்கும் மேலாளர் லானி டீக், வெண்டலைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சூரியகாந்தி விதையின் தோலைக் காகிதக் குவளையில் துப்பிவிட்டுச் சொன்னார்:

"உனக்கு முழங்கால் வலிக்குது."

"எந்த முழங்கால், ஸ்கிப்?"

"அது உன் இஷ்டம்."

வெண்டல் கொஞ்சம் யோசித்தான். "இடது."

"நல்ல முழங்கால்தான்," என்று எழுதிக்கொண்டார் லானி.

இந்தத் தொழிலில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. வருடா வருடம் யாராவது ஒருவருக்கு இப்படி அலுவலக முறைப்படி அடிபடும். கொஞ்ச நாளில் குணமும் ஆகிவிடும். வெண்டலும் அப்படித்தான் நினைத்தான். ஆனால் ஜூன் வந்தது, முழங்கால் குணமாகவில்லை.

ஓய்வில் இருந்தவனுக்கு வேலைக்குக் குறைச்சல் இல்லை. மைதானத்தின் வேலிக்கு அப்பால், பந்து எறியும் பிட்சர்கள் கையைச் சூடேற்றிக்கொள்ளும் மூலையில், பிற்பகல் முதல் ஆட்டம் முடியும் வரை குந்தி உட்கார்ந்து அவர்கள் எறிவதைப் பிடிக்க வேண்டும். முழங்கால் போனவன் செய்யவே முடியாத வேலை ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது இதுதான். ரசிகர்கள் கண்ணில் படும் இடத்தில் மட்டும் நொண்ட வேண்டும். கழிப்பறைக்குப் போகும் வழி ரசிகர்கள் கண்ணில் படும் இடம்.

"பெரிசு, இன்னிக்கு எந்தக் கால்?" என்பான் யூனியர் பாடிஸ்டா, டொமினிகன் குடியரசிலிருந்து வந்த பிட்சர்.

"இடது."

"நேத்து வலதுல நொண்டுன."

"பந்தை எறிடா."

அணி தோற்றது. தோற்பதில் ஓர் ஒழுங்கும் இருந்தது: ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது வரை கையில் இருக்கும் ஆட்டம், எட்டாவதில் போய்விடும். மேலிடத்தின் செல்லப்பிள்ளை கேச்சருக்கு வளைந்து வரும் பந்து எதுவும் மட்டையில் படவில்லை. அணிகளின் வரிசையில் கடைசி இடம் என்பது ஜூன் பாதியிலேயே முடிவாகிவிட்டது. கூட்டம் கோபித்துக்கொள்ளவில்லை. வியாழன் பீர் மலிவு, சனிக்கிழமை வாணவேடிக்கை. கார்வர்க்காரர்கள் பேஸ்பால் பார்க்கவும் வருவார்கள்.

கோடையில் ஆட்டக்காரர்களை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் தங்கவைத்துச் சோறு போடுவது அங்கே வழக்கம். வெண்டல் தங்கியது டோரீன் ஹாக் வீட்டின் நிலவறையில். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அம்மாள். காலையில் முட்டை பொரிப்பார். உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்து, "முழங்காலுக்கு வெச்சுக்கோ கண்ணு," என்பார். அவர் முன்னால் உட்கார்ந்து, நன்றாக இருக்கும் காலை விறைக்க விறைக்கக் குளிரவைப்பான் வெண்டல்.

ஜூலையில் பென்சில்வேனியாவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. எந்த மேலிடத்துக்கும் கட்டுப்படாத சிறிய அணி. அவர்களுடைய கேச்சருக்கு நிஜமாகவே கை முறிந்திருந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள அங்கேருந்து விடுதலை வாங்கிட்டு வா. தினமும் நீதான் ஆடற," என்றார்கள். இருபத்தொன்பது வயதுக் கேச்சருக்கு இப்படி இரண்டாவது அழைப்பு வராது. அது வெண்டலுக்கும் தெரியும், அழைத்தவர்களுக்கும் தெரியும்.

லானியிடம் போனான்.

"என்னை விட்டுடுங்க, ஸ்கிப்."

"முடியாதுப்பா. அடிபட்டவனைக் கழட்டிவிடக் கூடாதுன்னு விதி. உங்களோட நன்மைக்குத்தான் போட்டாங்க."

"எனக்குத்தான் அடிபடலையே."

"அடிபடாமலா காயப் பட்டியல்ல போட்டிருக்கோம்?"

"சரி, குணமாயிட்டேன்னு எழுதுங்க."

"குணமாயிட்டா ஆட்டக்காரங்க பட்டியல்ல இடம் கொடுக்கணும். இடம் எங்க இருக்கு?" லானி குரலைத் தாழ்த்தினார். "நீ போயிட்டா பசங்க எறியறதை யாரு பிடிப்பா? நானா? எனக்கு உண்மையிலேயே முழங்கால் வலிக்குதுப்பா."

சொல்லாமல் கிளம்பினால் ஒப்பந்தம் மேலிடத்தின் கையிலேயே இருக்கும். வேறு அணி அவனைத் தொட முடியாது. ஆக, ஆடுவதற்கு முடியாத அளவு காயம், போவதற்கும் முடியாத அளவு காயம், குந்தி உட்கார்ந்து உழைக்க மட்டும் காயமே இல்லை.

வியாழக்கிழமை மேலிடத்திலிருந்து கர்டிஸ் ஆல்பிரெக்ட் வந்தார். செல்லப்பிள்ளையைப் பார்க்க வந்தவர். யாரை விடுவது, யாரை வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அவர் வாக்குதான். முதல் வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் ஒரு பந்தயம் நடக்கும். மஸ்க்ராட் என்றால் நீரெலி; அந்த வேடம் போட்ட ஆளும் கூட்டத்திலிருந்து ஒரு குழந்தையும் மைதானத்தின் நான்கு முனைகளையும் சுற்றி ஓடுவார்கள். மூன்றாவது முனையில் நீரெலி தடுக்கி விழும், குழந்தை ஜெயிக்கும். அணி தொடங்கிய நாளிலிருந்து நீரெலி ஜெயித்ததில்லை. அன்று வேடம் போடும் கல்லூரி மாணவனுக்கு வெயிலில் மயக்கம் வந்துவிட்டது. "நான் போட்டுக்கறேன்," என்றான் வெண்டல்.

முதல் முனையிலேயே எலித்தலையைக் கழற்றி எறிந்தான். முகம் தெரிய வேண்டுமே. பிறகு ஓடினான், இரண்டு மாதம் ஓடாத ஓட்டத்தையெல்லாம் சேர்த்து ஓடினான். விழ வேண்டும் என்பதே நினைவில் இல்லை. ஏழு வயதுப் பெண் குழந்தை இரண்டாவது முனையைத் தொடும்போது வெண்டல் புறப்பட்ட முனைக்கே வந்து சேர்ந்து, ஆல்பிரெக்டுக்கு நேர் எதிரே நின்று மூச்சு வாங்கினான்.

குழந்தை அழுதது. அத்தனை எட்டாவது இன்னிங்ஸ்களையும் பொறுத்துக்கொண்ட கூட்டம், அந்தப் பருவத்தில் முதல்முறையாக ஊளையிட்டது. ஒரு வேகவைத்த சோளக்கதிர்கூட வந்து விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஆல்பிரெக்ட் அவனைத் தேடி வந்தார்.

"நல்லா ஓடற."

"அப்போ என்னை விட்டுடலாமே, சார்."

"அடிபட்ட முழங்காலை வெச்சுக்கிட்டு இப்படி ஓடியிருக்கக் கூடாது தம்பி," என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல். "இனிமே சீசன் முடியற வரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும்."

மறுநாள் காலை புது அறிவிப்பு வந்தது: இடது முழங்கால் காயம் மோசமாகிவிட்டது, ப்ரூசாக் இந்தப் பருவத்தில் இனி ஆடமாட்டார். அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் பென்சில்வேனியா அணி வேறொருவனைப் பிடித்துக்கொண்டது.

டோரீன் சமையலறையில் பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

"அது வேண்டாம் அம்மா. நேத்துதான் பார்த்தீங்களே. எனக்கு ஒண்ணுமே இல்ல."

"மே மாசமே தெரியும். வாரத்துக்கு ஒரு கால் மாத்தி நொண்டுனியே."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீ ரொம்பக் கஷ்டப்பட்டு நொண்டுன. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்." பொட்டலத்தை உள்ளே வைத்துவிட்டார். "அந்தச் சின்னப் பொண்ணு என் பேருந்துல போன பையனோட மக. நீ விழுந்திருக்கலாம்."

"விழுந்திருக்கலாம்," என்று ஒப்புக்கொண்டான் வெண்டல். பிறகு மணியைப் பார்த்துக் கையுறையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினான்.

அந்தப் பருவத்தில் அவன் ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. செப்டம்பர் வரை தினமும் வேலிக்கு அப்பால் குந்தி உட்கார்ந்து, மஸ்க்ராட்ஸ் பிட்சர்கள் எறிந்த பந்துகளைப் பிடித்துத் திருப்பி எறிந்தான்.