பம்பரத்தின் கால் மணி நேரம்

ஜூஸ் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, குழல் செருகும் பொறுமைகூட இல்லாமல் வாய்க்குள் பிழிந்துகொண்டே ஆறாவது மாடியிலிருந்து ஏழாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறார் பம்பரம். தோளில் கருவிப் பை, இடுப்பில் சாவிக்கொத்து, சட்டைக் காலரில் ஆரஞ்சு நிறத்தில் புதிதாக ஒரு சொட்டு. இரண்டு படி கீழே மூச்சிரைக்க வருகிற மச்சினன், "மாமா, ஒரு இடத்துல உக்காந்து குடிங்க" என்கிறான்.

"உக்காந்து குடிச்சா மட்டும் வேற குழாய் வழியாவா போகப்போகுது? நீ ஏறுடா முதல்ல. பஞ்சரான டியூப் மாதிரி என்ன சத்தம்."

தொழிலில் இவரைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டை வைத்துப் பிழைக்கிறவர் லிஃப்டிலேயே சொகுசாகப் போய் வருவார் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லபடியாக ஓடுகிற லிஃப்டுக்கு எவன் மெக்கானிக்கைக் கூப்பிடுவான்? செத்துக் கிடக்கிற லிஃப்டைப் பார்க்கத்தான் கூப்பிடுவார்கள். அதன் இயந்திர அறையோ மொட்டை மாடியில் இருக்கும். ஊரையெல்லாம் நின்ற வாக்கில் மேலே அனுப்பிவைக்கிற மனிதர், தான் மட்டும் காலம் முழுக்கப் படியேறிக்கொண்டிருக்கிறார்.

படியேறாத நேரத்திலும் நிற்கிற ஆள் இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தபடியே சாப்பாட்டை முடிப்பார். முடிவெட்டுகிறவர், "காது போனா நான் பொறுப்பில்ல" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கத்தரியை எடுக்கிறார். சினிமாவுக்குப் போனால் இடைவேளை வரைக்கும் தாங்குவார். மீதிக் கதையை மனைவி வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும், அதையும் நின்றுகொண்டுதான் கேட்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த கணையம் மட்டும் சோம்பேறி. இனி ஒரு வேலையும் செய்ய மாட்டேன் என்று அது படுத்துவிட்ட நாளிலிருந்து இன்சுலின் ஊசிதான். முதலில் தொடையில் போட்டுக்கொண்டிருந்தார், பேன்ட் போடுகிற வேகத்திலேயே அதையும் முடித்துவிடலாம் என்று. ஊசி போட்ட காலோடு படியேறினால் மருந்து மளமளவென்று ரத்தத்தில் கலந்துவிடும், வயிற்றில் போடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். "இத்தனை வருஷம் சும்மா தூக்கிட்டுத் திரிஞ்சேன். இப்பதான் இதுக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு" என்று தொந்தியைத் தட்டிக் காட்டுவார்.

படி அதிகம் ஏறுகிற நாளில் காலை ஊசியின் அளவைக் குறைக்கவும் டாக்டரம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அங்கேதான் சிக்கல்.

"எந்தக் கட்டடத்துல எந்த லிஃப்ட் எப்ப மண்டையப் போடும்னு, காலங்காத்தால ஊசியக் கையில வெச்சுக்கிட்டு நான் எப்படிம்மா சொல்றது?"

டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப பையில எப்பவும் இனிப்பு இருக்கணும். ஏறுறதுக்கு முன்னாடி சோதிங்க, நடுவுல ஒரு மாதிரி இருந்தாலும் சோதிங்க. எழுபதுக்குக் கீழ போச்சுன்னா ஜூஸோ குளுக்கோஸோ சாப்பிட்டுட்டு, கால் மணி நேரம் உக்காரணும். திரும்ப சோதிச்சு, சர்க்கரை ஏறினப்புறம் ரெண்டு பிஸ்கட்டத் தின்னுட்டு வேலையப் பாருங்க."

ஊசியும் சோதனையும் ஜூஸும் இவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கால் மணி நேரத்தைத்தான் விழுங்க முடியவில்லை. "குடிச்சாச்சு, உள்ள போயிடுச்சு. அப்புறம் நான் எதுக்கு அதுக்குக் காவல்?"

வீட்டில் திரைச்சீலை தைக்கிற மனைவி, ராத்திரி அவர் சட்டையைக் கழற்றியதும் பையைத் துழாவுவார். மற்ற வீடுகளில் மனைவிமார் பையைத் துழாவினால் அதற்குக் காரணம் வேறாக இருக்கும். இங்கே ஜூஸ் பாக்கெட் காலியா, முழுசா என்பதுதான் வழக்கு. இது போதாதென்று, உங்க வீட்டுக்காரர் எங்க படிக்கட்டுல வேர்த்து விறுவிறுத்துப் போனார் என்று கட்டடக் காவலாளிகளே அவருக்குப் போன் போட்டுச் சொல்கிறார்கள். அதில் இரக்கம் மிகுந்த ஒருவர், சர்க்கரை வியாதிக்காரர் ஆயிற்றே என்று சர்க்கரை சேர்க்காத ஜூஸாகப் பார்த்து வாங்கிக் கொடுத்து, இவரை இன்னும் கொஞ்சம் நடுங்க வைத்த கதையும் உண்டு.

சில மாதங்களுக்கு முன்னால் அது நடந்தது. இப்படித்தான் குடித்துக்கொண்டே ஏறியவர், குடித்தது வேலையைக் காட்டுவதற்குள் மாடிப்படித் திருப்பத்தில் சரிந்தார். புருவத்தில் தையல். மேனேஜர் கூப்பிட்டு ரொம்ப அன்பாகத்தான் பேசினார்: இன்னொரு தடவை இந்தச் சர்க்கரை சமாச்சாரம் தன் காதுக்கு வந்தால், படியேறுகிற வேலை கிடையாது, ஆபீசில் புகார் போன் எடுக்கிற நாற்காலியில் உட்கார வேண்டியதுதான்.

மனைவிக்கு அந்த நாற்காலி மேல் ஒரு கண். "சுத்துற நாற்காலிதானாம். உங்களுக்கு அது போதாதா?"

"ஏன், உக்கார வெச்சே ஆளை முடிச்சிடலாம்னு பாக்குறியா?" என்று கேட்டுக்கொண்டே இவர் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தார். அன்றிரவு மட்டும் குரலில் விளையாட்டு இல்லை.

கூட்டாளியாக வேலைக்கு வருகிற மச்சினன் பாடுதான் திண்டாட்டம். மனைவியின் தம்பி, நாற்பது வயதுக்காரன். "அவரு தடுமாறினா எனக்குச் சொல்றதுக்கு முன்னாடி ஆபீசுக்குச் சொல்லிடு" என்று அக்கா தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். "ஆபீசுக்குப் போட்டுக் குடுத்தே, அன்னியோட உனக்கு நான் மாமனும் இல்ல மச்சானும் இல்ல" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவன் இரண்டு பேரிடமும் தலையாட்டியிருக்கிறான்.

ஆனால் அவனுக்கு ஒரு ரகசியம் தெரியும். அவன் அக்காவுக்கும் தெரியும். சர்க்கரை இறங்கினால் சிலருக்குக் கோபம் வரும், சிலர் அழுவார்கள். இவருக்கு மரியாதை வந்துவிடும். சாதாரணமாக வாயைத் திறந்தால் வாடா போடா, எருமை, தடியன் என்று ஓடுகிற நாக்கு, இறங்கியவுடன் "வாங்க, உக்காருங்க, சிரமப்படாதீங்க" என்று குழைய ஆரம்பிக்கும். ஒருமுறை மனைவியைப் பார்த்தே, "அம்மா, தப்பா நினைக்கலேன்னா ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார். மனைவி தண்ணீர்ப் பானை இருக்கிற பக்கமே போகவில்லை, நேராகச் சர்க்கரை டப்பாவுக்கு ஓடினார். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், "நான் எப்பவும் எல்லாருக்கும் மரியாதை குடுத்துத்தான்டா பேசுவேன், பன்னி" என்பார்.

முகத்தைப் பார்த்துச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று சொன்னாலும் நம்ப மாட்டார். மெக்கானிக் புத்தி. கரன்ட் இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தவன் எவனும் திரும்பி வந்து பதில் சொன்னதில்லை, மீட்டரை வைத்துப் பார்த்தவன்தான் சொல்லியிருக்கிறான் என்பது அவருடைய வாதம். சர்க்கரைக்கும் அதே சட்டம். "மீட்டரு பொய் சொல்லாது மாப்ள. மனுஷன்தான் சொல்லுவான்."

ஒரு நாள் அந்த மீட்டரே காலை வாரியது.

காலையில் ஒரு அழைப்பும் இல்லை. சும்மா கிடக்கிற நாள் என்று நம்பி, ஊசியை முழு அளவு போட்டுக்கொண்டார். மத்தியானத்துக்குள் இரண்டு கட்டடங்கள் கூப்பிட்டுவிட்டன. சாப்பிட உட்காருகிற நேரத்தில் மூன்றாவது: பன்னிரண்டு மாடிக் கட்டடம், எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நின்றுபோன பெட்டி, உள்ளே தன்னந்தனியாக ஒரு வக்கீல். வக்கீல் கையில் போன் இருந்தது. மெக்கானிக்கின் நம்பரும் கிடைத்துவிட்டது. படியேறுகிற வழியெல்லாம் இவர் இடுப்பில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஏழாவது மாடியில் கை நடுங்கியது. பின்கழுத்தில் குளிர்ந்த வியர்வை. பேன்ட் பையில் கையை விட்டால், குளுக்கோஸ் பவுடர் பொட்டலம் பிரிந்து பையெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. வாயில் போடுவதற்கு முன் சோதிக்கச் சொன்னார்களே என்று ஞாபகம் வர, விரலைப் பேன்டில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுக் குத்தினார். மீட்டரில் முன்னூற்றுப் பன்னிரண்டு.

"பாத்தியா? ஏறித்தான் கிடக்கு. இது வெறும் பசி நடுக்கம்." பையை வெளியே இழுத்துப் பவுடரைப் படிக்கட்டில் தட்டிவிட்டு, ஜூஸையும் தொடாமல் மேலே ஏறினார்.

இயந்திர அறையில் மெயின் சுவிட்சை அணைத்தார்கள். இனிக் கைவேலைதான். ஒருவர் லிவரை அழுத்தி பிரேக்கை விலக்கிப் பிடிக்க வேண்டும், மற்றவர் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாடிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். "விடு" என்றதும் பிரேக் கை அந்த நொடியே விட்டாக வேண்டும். தாமதித்தால் பெட்டி தன் இஷ்டத்துக்குக் கிளம்பிவிடும். பிரேக் எப்போதும் இவர் கையில்தான்.

லிவரில் கையை வைத்துக்கொண்டு இவர் சொன்னார்: "தம்பி, நீங்க தயார்னா ஆரம்பிக்கலாங்களா? உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?"

மச்சினன் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டான். "மாமா, லிவரை விடுங்க."

"முன்னூறு இருக்குங்களே. நீங்களும்தானே பாத்தீங்க."

"மீட்டரு என்ன வேணா சொல்லட்டும். நீங்க என்னை நீங்கன்னு சொல்றீங்க மாமா. விடுங்க முதல்ல."

அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். நகக்கண்ணில், ரேகையில் எல்லாம் வெள்ளைப் பவுடர். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி, தன் பனியனாலேயே துடைத்து, வேறு விரலில் குத்தினான். ஐம்பத்து நாலு.

"அது உங்க ரத்தத்தை அளக்கல மாமா. உங்க பாக்கெட்டை அளந்திருக்கு."

இவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், பழகின ஆள் ஏமாற்றிவிட்டதைப்போல. மச்சினன் நீட்டிய ஜூஸைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். குடித்த கையோடு எழுந்தார்.

"சரி, ஆச்சு. பிடி சக்கரத்த."

"கால் மணி நேரம் மாமா."

"கீழ ஒருத்தன் தொங்கிட்டு இருக்கான்டா."

"அதான் சொல்றேன்."

போன் அடித்தது, மச்சினன் எடுத்தான். வக்கீலின் குரல் அறை முழுக்கக் கேட்டது: ஆள் வந்தாச்சா இல்லையா, இல்லையென்றால் கதவைத் தானே நெம்பித் திறந்து குதித்துக்கொள்வேன்.

மச்சினன் போனின் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "ஏதோ பாகம் போயிடுச்சு, வாங்கிட்டு வரணும்னு சொல்லிடுங்க. நானும் யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன். அக்காகிட்டகூட."

எப்போது வருமென்று தெரியாத பாகத்துக்காக எவனும் பெட்டிக்குள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டான், கதவைத்தான் நெம்புவான் என்பது இவர் தொழிலில் பட்டுத் தெரிந்துகொண்டது. போனை வாங்கினார்.

"சார், கதவைத் தொடாதீங்க. லிஃப்டுல ஒண்ணும் உடையல. மேலதான் இருக்கோம். எனக்குத்தான் சர்க்கரை இறங்கிடுச்சு, இன்சுலின் ஊசி போட்டுக்கிற ஆளு நான். நடுங்குற கையோட பிரேக்கைத் தொட மாட்டேன். ஒரு கால் மணி நேரம் குடுங்க."

அந்தப் பக்கம் குரல் எகிறியது: "யோவ், உனக்குச் சர்க்கரை இறங்கினதுக்கு நான் ஏன்யா அந்தரத்துல தொங்கணும்? நான் எப்பய்யா இறங்குறது?"

"எனக்கு ஏறினாத்தான் சார் நீங்க இறங்க முடியும்."

"உன் ஆபீஸ்ல இப்பவே சொல்றேன்."

"சொல்லுங்க சார். நம்பர் கதவுக்கு மேல ஒட்டியிருக்கும், பாருங்க."

போனை மச்சினனிடம் கொடுத்துவிட்டு, மூலையில் கவிழ்ந்து கிடந்த பெயின்ட் டின்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முழங்கால் ஆட ஆரம்பித்தது. கீழே பெட்டிச் சுவரை யாரோ உள்ளங்கையால் தட்டுகிற சத்தம் கயிறு வழியாக ஏறி வந்தது. ஒருமுறை எழப் போனார், மச்சினன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான், உட்கார்ந்துவிட்டார். வலது கை தன்பாட்டுக்குக் கருவிப் பைக்குள் போய் ஒரு ஸ்பேனரை எடுத்தது. எதற்கு எடுத்தோம் என்று அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். இடது கை லிவர் இருக்கிற பக்கமாக நீண்டது.

மச்சினன் கையிலிருந்த போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை ஆபீஸ் நம்பர்.

பம்பரம் அதைப் பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் தன் முழுக் கனத்தையும் போட்டு அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.