புன்னக்காயல் ராசாவின் வாயும் குரலும்

1. பென்டிரைவ்

பாளையங்கோட்டையில் சுப்புலட்சுமி நடத்தும் வீடியோ கடைக்கு வருகிற கோப்புகளில் பெரும்பாலானவை, யாரோ ஒரு உறவுக்காரர் ஏற்கெனவே 'கன்வெர்ட்' செய்து கெடுத்தவை. செய்தவர் எப்போதும் கெட்டிக்காரராக இருப்பார், கம்ப்யூட்டர் படித்திருப்பார், இப்போது வெளியூரில் இருப்பார். கோப்பு மட்டும் எங்களிடம் வந்துசேரும்.

நான் அரசாங்கத் தொலைக்காட்சி நிலையமொன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் இருந்தால் சாம்பாருக்கும் செயல்முறை சொல்கிறேன் என்று என் மனைவிதான் என்னை இந்தக் கடைக்கு அனுப்பிவைத்தாள். சுப்புலட்சுமி எடிட்டிங் முறையாகப் படித்தவள். வேகக்காரி. நான் விதி சொல்வேன்; அதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் வேலையை முடித்திருப்பாள்.

ஒரு நாள் காலையில் புன்னக்காயலிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் மிக்கேல், விசைப்படகு இஞ்சின் மெக்கானிக். தேய்த்து மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை, கழுத்தை மறைத்து ஒரு வெள்ளைத் துணி. தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உதடு அசையும், சத்தம் வராது. சத்தம் அவர் மனைவி ரோசம்மாளிடமிருந்து வந்தது. அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே அவள் பேசினாள். அவர் வாய் மூடும்போது அவள் வாயும் மூடியது. என் பணிக்காலம் முழுவதும் நேரடி ஒளிபரப்பில் நாங்கள் தவமிருந்த ஒத்திசைவு அது. எந்தக் கருவியும் இல்லாமல் எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தது.

"இவிய கோயில் திருநாள் நாடகத்துல ராசா வேசம் கட்டுனவிய," என்றாள் ரோசம்மாள். "அப்ப எடுத்த வீடியோ. மருமவன் போன்ல பாக்குத மாதிரி மாத்தி, இந்தப் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தான். பாத்தா, வாய் ஒரு பக்கம் போவுது, சத்தம் ஒரு பக்கம் போவுது."

மிக்கேல் ஏதோ உதடசைத்தார். அவள் சிரித்தாள்.

"மருமவனுக்குப் பொண்ணு குடுத்ததே தப்புங்காவ."

பிறகு அவர் சிரிக்காமல் ஒன்று சொன்னார். அவளும் சிரிக்காமல் சொன்னாள்: "என் சத்தம் வேற எதுலயும் கெடையாது, சார். இதுல மட்டுந்தான் இருக்கு. அது என் வாய்லேருந்து வாரத ஒரு தடவ பாக்கணும்."

2. கேட்க வேண்டிய கேள்விகள்

இளைஞர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சத்தமும் படமும் விலகியிருந்தால் உடனே எதையும் நகர்த்தாதீர்கள். தொடக்கத்தில் ஓர் இடத்தைப் பாருங்கள், முடிவில் ஓர் இடத்தைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு விலகினால், மொத்தச் சத்தத்தையும் தள்ளினால் போதும். போகப்போக விலகல் கூடினால் வேகக் கணக்கு தப்பு. சரியாக ஓடிக்கொண்டிருந்தது ஓரிடத்தில் திடீரென்று தாவினால், அங்கே பிரேம் விழுந்திருக்கிறது, அதாவது சில படத்துண்டுகள் காணாமல் போயிருக்கின்றன; அந்தத் துண்டை மட்டும் வெட்டிச் சரிசெய்ய வேண்டும்.

மருமகன் செய்தது இரண்டாவது வகை. நம் ஊர் வீடியோ வினாடிக்கு இருபத்தைந்து பிரேம். அவர் எடுத்த இலவச மென்பொருள் அதை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, சத்தத்தைப் பழையபடியே விட்டுவிட்டது. சத்தம் முந்திக்கொண்டே போய், கடைசியில் ராசா சத்தத்தில் செத்த பிறகு படத்தில் வாளை உருவினார்.

"மூல டிவிடி இருக்கா?" என்று கேட்டேன். கெட்டதைத் திருத்துவதைவிட மூலத்திலிருந்து புதிதாக எடுப்பதே முறை. ரோசம்மாள் பையிலிருந்து டிவிடியை எடுத்தாள். மேலே நல்ல கீறல்கள்.

"பேரப்புள்ள வண்டி ஓட்டுனான்," என்றாள்.

மறுநாள் வரச்சொல்லி அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினோம். டிவிடியிலிருந்து புதிதாக எடுத்தபோது விலகல் மறைந்துவிட்டது. மத்தளத்தில் கை விழுகிற இடங்களை வைத்துச் சரிபார்த்தோம். ஒவ்வொரு அடியும் அச்சாகப் பொருந்தியது. ராசா அரியணையில் தனியே அமர்ந்து பாடும் காட்சியைத் தவிர.

3. ராசா காட்சி

மற்ற காட்சிகளில் கேமரா தூரத்தில் நின்றது. யார் வாயும் தெரியவில்லை. இந்தக் காட்சியில் மட்டும் வீடியோக்காரர் மேடையின் பக்கவாட்டில் ஏறி, ராசாவின் முகத்தை நெருக்கத்தில் எடுத்திருந்தார். மத்தளம் சட்டகத்தில் இல்லை. வாய்தான் அடையாளம். ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்டும் அல்லவா, அந்த இடங்களை வைத்துப் பார்த்தோம். சத்தம் உதட்டைவிட நன்றாக முந்தியிருந்தது.

"கீறல் இந்த எடத்துலதான் சார் இருக்கு. பிரேம் விழுந்திருக்கும்," என்றாள் சுப்புலட்சுமி.

நானும் ஒப்புக்கொண்டேன். மூன்றாவது வகை, விதிப்படி. அந்தத் துண்டின் சத்தத்தை மட்டும் பின்னுக்குத் தள்ளினாள். உதடும் குரலும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. கூடவே மங்கலாக ஒரு எதிரொலி, அதே வரியை அதே ராகத்தில் பின்னாலேயே பாடிக்கொண்டு வந்தது. கோயில் முகப்பில் கட்டின குழாய் ஒலிபெருக்கியின் வேலை என்று எண்ணி, எதிரொலிக்கான ஃபில்டரைப் போட்டு அதை அழுத்தினோம். சுத்தமாக இருந்தது. காசு கொடுத்துப் படித்தவர்கள்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நான் சொன்னேன். அவள், தான் காசு கொடுத்துத்தான் படித்ததாகச் சொன்னாள்.

4. "இது என் தொண்டை இல்ல"

மறுநாள் இருவரையும் பெரிய திரைக்கு முன்னால் உட்காரவைத்தோம். தன் காட்சி வந்ததும் மிக்கேல் நாற்காலியின் நுனிக்கு வந்தார். திரையில் இருபது வயது குறைந்த மிக்கேல், ஜிகினாக் கிரீடத்துடன் வாயைத் திறந்தார். கணீரென்று குரல் எழுந்தது. ஒரு மயிரிழை விலகல் இல்லை.

அவர் முகம் மலரவில்லை. கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"இது என் தொண்டை இல்லங்காவ," என்றாள் ரோசம்மாள்.

நான் பொறுமையாக விளக்கினேன். தன் குரலைப் பதிவில் கேட்கிற யாருக்கும் அது அந்நியமாகத்தான் தோன்றும், எலும்பு வழியாகக் கேட்பது வேறு, காற்று வழியாகக் கேட்பது வேறு என்றெல்லாம். மிக்கேலின் உதடு என்னை நோக்கி வேகமாக அசைந்தது.

"எஞ்சின் சத்தத்த வச்சே எந்தப் படகுன்னு சொல்லுதவன் நான். என் சத்தம் எனக்குத் தெரியாதா வே? எலும்பாம், காத்தாம்!" ரோசம்மாள் சொல்லிவிட்டு, "உங்களப் போயி 'வே'ன்னது அவிய, சார். நான் இல்ல," என்று சேர்த்துக்கொண்டாள்.

"நீங்கதான சார் பாடுதிய, வாய் அப்படியே பொருந்துதே?" என்றாள் சுப்புலட்சுமி.

"பொருந்துது. அதான் வயித்தெரிச்சல்," என்றது ரோசம்மாளின் குரல்.

மிக்கேல் எழுந்து திரைக்குப் போனார். திரையின் ஓரத்தை, கேமராவுக்கு வெளியே இருக்கும் இடத்தை, விரலால் தட்டினார். அங்கே யாரோ நிற்பதுபோல் கையில் ஏடு பிடித்துக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தட்டினார். மறுபடி ஓரம், மறுபடி நெஞ்சு.

"அண்ணாவி," என்றாள் ரோசம்மாள். "நாடகம் சொல்லிக்குடுக்கவரு. மேடத் தட்டிக்குப் பொறத்த, ஆளு தெரியாம, ஏட்ட வச்சிக்கிட்டு நிப்பாரு. அவரு முதல்ல வரிய எடுத்துக் குடுப்பாரு, பொறவு இவிய பாடணும். எங்க ஊர்ல அப்படித்தான். வீடியோக்காரன் அவரு காலடியிலல்லா நின்னான்!"

சுப்புலட்சுமி என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். கேமராவின் மைக்குக்குப் பக்கத்தில் நின்ற அண்ணாவியின் குரலைக் கொண்டுபோய் மிக்கேலின் வாயில் வைத்திருக்கிறோம். பின்னால் மங்கலாக வந்தது எதிரொலி இல்லை, மிக்கேலின் சொந்தக் குரல். அதைத்தான் விதிப்படி அழுத்திக் கொன்றிருக்கிறோம்.

சுப்புலட்சுமி ஃபில்டரை எடுத்தாள். தள்ளிய துண்டைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டாள். அங்கே பிரேம் எதுவும் விழவே இல்லை. கீறல் எங்களுக்குக் காரணம் மட்டும் கொடுத்திருந்தது. பிறகு மங்கலான குரலின் அலைவரிசையைத் தேடி, பைய உயர்த்தினாள்.

மறுபடி ஓடியது. கணீரென்ற குரல் முதலில் வந்தது. ராசா வாய் திறக்காமல் காத்திருந்தார். அது முடியும் இடத்தில் அவர் வாய் திறந்தது. கரகரப்பான, கொஞ்சம் மூக்கில் பேசுகிற, அண்ணாவியின் குரலுக்குப் பாதி கூடத் தேறாத ஒரு குரல் வந்தது. மிக்கேலின் உதடு அதோடு சேர்ந்து அசைந்தது, ஒரு வரி விடாமல். ரோசம்மாள் அவர் உதட்டைப் பார்க்கவில்லை. அவளுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. திரையையே பார்த்தாள்.

பாட்டு முடிந்ததும் சுப்புலட்சுமி அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள். "இப்ப குரலத் தனியாப் பிரிக்க மென்பொருள் வந்திருக்கு. அந்த அண்ணாவி சத்தத்த மொத்தமா எடுத்துட்டு, உங்க குரல மட்டும் வச்சித் தாரேன்," என்றாள். நானும் தலையாட்டினேன். சுத்தமான ஒலித்தடம் என்பது என் தொழிலின் வேதம்.

மிக்கேல் வேகமாகத் தலையசைத்து மறுத்தார். உதடு நிதானமாக அசைந்தது.

"அவர எடுக்கப்படாது," என்றாள் ரோசம்மாள். "அவரு சொல்லாம நான் என்னத்தப் பாடுனேன்? அவர எடுத்துட்டா, நான் சும்மா வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்க மாதிரில்லா இருக்கும்? அவரு முன்ன போட்டும். நான் பின்ன வாரேன்."

அப்படியே கொடுத்தோம். பாளையங்கோட்டையில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கோப்புகளில், என் பழைய நிலையத்தின் தரச்சோதனையில் நிச்சயமாகத் தோற்கக்கூடியது அது ஒன்றுதான். அதைப் போல நல்ல வேலை நாங்கள் பிறகு செய்யவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. உதடும் குரலும் பொருந்திவிட்டால் கண் நம்பிவிடும். யாருடைய குரல் என்று அது விசாரிக்காது. படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால், அவரைக் கூப்பிட்டு முதலில் உட்காரவையுங்கள். அவர் சொல்வதைக் கேட்ட பிறகு ஃபில்டரைத் தொடுங்கள்.