பதினோரு வீட்டுப் பெயர்

எங்கள் குடும்பப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தக் கடற்கரையில் யார் வீட்டுக் கதை என்று உடனே தெரிந்துவிடும். அவ்வளவு அபூர்வமான பெயர். அபூர்வம் என்றாலே உயர்வு என்று எங்கள் அய்யா நினைத்தார். காட்டுப் பூனைகூட அபூர்வம்தான். அதற்காக யாரும் அதற்கு மாலை போடுவதில்லை.

எங்கள் கத்தோலிக்கச் சனத்தில் புழங்குகிற பறங்கிப் பெயர்கள் நாலைந்துதான். பாம்பனில் நின்றுகொண்டு அதில் ஒன்றைச் சொல்லிக் கூப்பிட்டால் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் பெயரைக் கூப்பிட்டால் நாங்கள்தான் திரும்ப வேண்டும். அக்காள்மடத்தில் எங்கள் வீடு ஒன்று, மாரியூர்ப் பக்கம் மூன்று, திருப்பாலைக்குடியில் இரண்டு, தூத்துக்குடியில் நாலு, கடலுக்கு அந்தப்பக்கம் மன்னாரில் ஒன்று. ஆக மொத்தம் பதினோரு வீடு. அய்யா இதை விரல் விட்டு எண்ணுவார். ஜெபமாலை சொல்லும்போதுகூட அவர் விரல்கள் அவ்வளவு பக்தியோடு நகர்ந்து நான் பார்த்ததில்லை.

பெயர் எப்படி வந்தது என்பதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பறங்கியர் காலத்தில் ஊர் ஊராக நிறுத்தி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஞானத்தகப்பனாக எந்தப் பறங்கி நின்றானோ அவன் பெயர் அந்த வரிசைக்கு. பெரிய கப்பல் கப்பித்தானாக இருந்தால் ஆயிரம் பேருக்கு அவன் பெயர் போகும். எங்கள் பறங்கி யாரோ சில்லறை ஆள் போலிருக்கிறது, ஒரு வள்ளத்துச் சனத்துக்கு மேல் அவனிடம் யாரும் வரவில்லை. பறங்கியர் போன பிறகும் அந்த வழக்கம் ஒரு விஷயத்தில் மட்டும் தங்கியது. தாய் தகப்பன் தெரியாத பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கி வந்தால், ஞானத்தகப்பனாக நிற்கிறவர் வீட்டுப் பெயரை அதற்கும் வைத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் அய்யாவிடம் சொன்னால் கையில் இருப்பதை எறிவார். ஒருமுறை செம்பு வந்தது. எனக்கு வந்த மூன்று மாப்பிள்ளைகளையும் குடும்பப் பெயரைக் கேட்டே அவர் திருப்பி அனுப்பினார். ஊரெல்லாம் கிடக்கிற பேரு, நம்ம பேருக்குத் தாங்காது என்றார். நாலாவதாக யாரும் வரவில்லை. அம்மா அந்த ஏக்கத்திலேயே போய்ச்சேர்ந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகி, பிள்ளைகள் அந்தப் பெயரோடு 'டீச்சர்' சேர்த்து என்னைக் கூப்பிட, அப்படியே நரைத்துப்போனேன். அப்படிக் கூப்பிடுவது என்னைச் சும்மா விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர்தான் என்னைக் கெடுத்தது. ஆனால் வேறு எதுவும் கையில் இல்லாததால் எனக்கும் அந்தப் பெயர் இனித்தது.

என் தங்கச்சி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன் மேசையில் இருந்தாள். சீட்டைப் பார்த்துப் பேரைக் கூப்பிடுவது அவள் வேலை. ஒருநாள் சீட்டில் எங்கள் குடும்பப் பெயர் வந்திருக்கிறது. கூப்பிட்டிருக்கிறாள். மாரியூர்ப் பக்கத்து மூன்று வீட்டில் ஒரு வீட்டுப் பையன் எழுந்து வந்திருக்கிறான். எங்கள் வீட்டுக்கு வெளியே அந்தப் பெயரோடு ஓர் ஆளை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அரை மணி நேரம் அந்தப் பெயரைப் பற்றியே பேசினார்களாம். இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வந்து, அவனைத்தான் கட்டுவேன் என்றாள்.

அய்யாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஊரில் ஒரே பெயர்க்காரர்கள் தங்களுக்குள் கட்டிக்கொள்வது உண்டு. ஆயிரம் வீடு இருக்கிற பெயரில் யார் யாருக்குப் பங்காளி என்று எவன் பார்ப்பான்? பதினோரு வீடு அப்படி இல்லை. எங்கள் கணக்கில் அத்தனையும் ஒரே ரத்தம், அந்தப் பையன் அவளுக்கு அண்ணன் முறை. ஏழு நாள் வீட்டில் சோறு இறங்கவில்லை. கன்னியர் மடத்துக்குப் போய்விடுவேன் என்றாள் தங்கச்சி. ஏற்கெனவே ஒருத்தி வீட்டிலேயே கன்னியாஸ்திரீயாக இருப்பது அய்யாவுக்குத் தெரியும். கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். பழைய புத்தகத்தைப் பார்த்து, பங்காளி இல்லை என்று காட்டினால் கல்யாணம், பங்காளி என்றால் அந்தப் பேச்சே கூடாது. பார்த்துவர என்னை அனுப்பினார். படித்தவள் நான்தானே.

இரண்டு குடும்பமும் பிரிவதற்கு முன்னால் இருந்த பழைய பங்குக் கோயிலில் அந்த ஞானஸ்நானப் புத்தகங்கள் இருந்தன. லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். இளவயதுப் பங்குச்சாமி. போட்டோ எடுக்கக் கூடாது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கரையான் தின்றது போக மிச்சம் இருந்ததில் ஒரு பகல் முழுக்கத் தேடினேன்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. இரண்டு குடும்பத்துக்கும் ரத்தம் ஒன்றில்லை என்பது உண்மைதான். தாய் தகப்பன் பெயர் தெரியாத, கரையில் கிடந்த ஆண் குழந்தை ஒன்றுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். ஞானத்தகப்பனாக நின்றவர் எங்கள் குடும்பப் பெயர்க்காரர். அவர் பெயரைத்தான் குழந்தைக்கும் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் குழந்தை மாரியூர்க்காரர்களின் பாட்டன் இல்லை. அது எங்கள் அய்யாவின் தாத்தா. ஞானத்தகப்பனாக நின்றவர்தான் மாரியூர்க்காரர்களின் பாட்டன். கல்யாணப் புத்தகத்தையும் புரட்டினேன். அய்யாவின் பாட்டியை அந்தத் தாத்தா கட்டிய இடத்தில், 'பெற்றோர் தெரியாது, இன்னார் வளர்ப்பு' என்று மறுபடி எழுதியிருந்தது. மூன்று தடவை படித்தேன். பெயர் அவர்களுடையது. நாங்கள்தான் வாங்கிக்கொண்டவர்கள்.

திரும்பிவரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எப்படிச் சொன்னாலும் பங்காளி இல்லை என்பது நிற்கும், அய்யா சொன்னபடி பார்த்தால் கல்யாணமும் நடக்க வேண்டும். யார் தலை குனிய வேண்டும் என்பது மட்டும்தான் பாக்கி. ஆனால் உள்ளதைச் சொன்னால் அய்யா நம்பமாட்டார், நம்பினாலும் விடமாட்டார், கல்யாணம் நின்றுபோகும். தங்கச்சிக்காகத்தான் மாற்றிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மறுநாள் வகுப்புக்குள் போய், பிள்ளைகள் எழுந்து நின்று அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும்போது, இது இன்னொருத்தன் போட்ட பிச்சை என்று நினைத்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. சீ, என்ன புத்தி என்று என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாரியூர்க்காரர் மகனோடு வந்தார். கோயில் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரையும் சாட்சிக்கென்று அய்யா வரவழைத்திருந்தார். மாரியூர்க்காரர் வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவர், கையெல்லாம் வலைக்கயிறு அறுத்த தழும்பு. உட்கார்ந்ததுமே அவருக்குப் பேச்சு பெயரைப் பற்றித்தான். எங்கள் அய்யாவைப் போலவே அவரும் பதினோரு வீட்டையும் எண்ணிவைத்திருந்தார். ஒரு வித்தியாசம், அவர் எங்கள் வீட்டிலிருந்து எண்ண ஆரம்பித்தார். எங்கள் பேரைச் சொல்ல அக்காள்மடத்தில் ஒரு டீச்சர் இருப்பதாக ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம். அதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்து, புத்தகத்தில் இருந்ததைத் தலைகீழாகச் சொன்னேன். கரையில் கிடந்த பிள்ளை உங்கள் பாட்டன், பேர் கொடுத்தது எங்கள் வீடு.

மாரியூர்க்காரர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எங்க பாட்டன் பேரேதான் போட்டிருந்துச்சா டீச்சர்?"

"ஆமா."

வேறு எந்தச் சாட்சியும் அவர் கேட்கவில்லை. மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். புத்தகத்தை நாமும் போய்ப் பார்ப்போமே என்பதாக இருக்கும். அவர் கையமர்த்தினார். டீச்சர் பார்த்துட்டு வந்து சொல்லுறாங்க, அதுக்கு மேல என்ன பாக்குறது என்றார். பிறகு அய்யா பக்கம் திரும்பினார்.

"அப்பச் சரி. எங்க பாட்டன் கரையில கெடந்த பிள்ளதான். நாங்க ஒங்களுக்குப் பங்காளி இல்ல. பிள்ளைக ரெண்டும் ஆசப்படுதுக, கல்யாணத்த வைங்க."

அதோடு விட்டிருக்கலாம். அய்யா விடுகிற ஆளா? கமிட்டிக்காரர்களைக் காட்டி, அவங்களுக்குக் கேக்கல, இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுங்க என்றார். இரண்டு பேரும் இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மாரியூர்க்காரர் எழுந்து நின்று, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பக்கம் குடும்பப் பெயர் வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரே பெயர் வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அய்யா சொன்னதற்கும் அவர் சரி என்றார். என் தங்கச்சி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். எப்படியோ அவளுக்குக் காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு தங்கச்சி சந்தோஷமாக வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. நாலு நாள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள் நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு இது வேணாங்க்கா. யாரு பெத்ததுன்னே தெரியாத வம்சத்துல போயி எப்படிக்கா பிள்ள பெக்குறது?"

கத்தி என் கையில் இருந்தது. அவள் கன்னத்தில் ஒன்று விடலாமா என்று வந்தது. அந்தப் பிள்ளை வேறு யாரும் இல்லையடி, உன் பாட்டன்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வாய் அடைத்திருக்கும். ஒருவேளை கல்யாணமும் நடந்திருக்கும். நான் மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கச் செதிலைச் சுரண்டினேன். உன் இஷ்டம் என்றேன். அய்யாவுக்குச் சொன்னபோது, ரத்தம் பேசுது பாத்தியா என்று சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பையன் மூன்று தடவை பரிசோதனை நிலையத்துக்கு வந்து காத்திருந்தான். மூன்று தடவையும் அவள் மேசையில் வேறொரு பெண்ணை உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு அவன் வளைகுடா நாட்டுக்கு மீன்பிடிக்கப் போனான் என்று கேள்விப்பட்டோம். தங்கச்சிக்கு அதற்கப்புறம் எதுவும் அமையவில்லை. வந்த இடத்தில் எல்லாம் அய்யாவுக்கு முன்னால் அவளே பெயரைக் கேட்டாள்.

போன வருஷம் மாரியூர்க்காரர் இறந்துபோனார் என்று செய்தி வந்தது. அடக்கம் முடிந்து எட்டாம் நாள் நான் மட்டும் போனேன். சத்தியமாக, சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். செத்தவருக்குக் கேட்காது, மகனுக்காவது கேட்கட்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். மகன் ஊருக்கு வந்திருந்தான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. என்னைக் கல்லறைக்கு அழைத்துப்போனான். சிலுவையில் அப்பனின் ஞானஸ்நானப் பெயர் மட்டும் இருந்தது. குடும்பப் பெயர் இல்லை.

நான் அதைப் பார்ப்பதை அவன் கவனித்துவிட்டான்.

"எங்க அய்யா வேணாம்னுட்டாரு டீச்சர். அது அவங்க வீட்டுப் பேரு, இத்தன நாளு வச்சிருந்தது போதும்னாரு. என் பாஸ்போர்ட்டுலயும் எடுத்தாச்சு. பிள்ளைக்கும் வைக்கல. மத்த ரெண்டு வீட்டுலயும் சொல்லிட்டாரு, அவங்களும் எடுத்துட்டாங்க."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. கணக்கு முடித்த ஆள் சொல்வதுபோல் சொன்னான். கோபம் இருந்திருந்தால் நானும் சொல்லியிருப்பேனோ என்னவோ. வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தான். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். நன்றாக இருக்கிறாள் என்றேன். அவன் மனைவி குழந்தையை என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். அது என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது. நான் காப்பியைக் குடித்து முடித்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது இந்தக் கரையில் அந்தப் பெயர் பதினோரு வீடு இல்லை, எட்டு. அதில் எங்கள் வீட்டில் இருப்பது கல்யாணமாகாத இரண்டு பெண்பிள்ளைகள். பெயருக்கு உரியவர்கள் கைகழுவிவிட்டார்கள், கரையில் கிடந்தவனின் கொள்ளுப்பேத்திகள் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். தங்கச்சிக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள். படிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

இந்த வருஷம் அய்யாவும் போய்விட்டார். கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர் வந்து, குடும்பப் பெயர் நீளமாக இருக்கிறது, ஞானஸ்நானப் பெயரும் அதுவும் ஒரே அளவில் வராது, எதைச் சின்னதாக்க என்று கேட்டார். தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

ஞானஸ்நானப் பெயரைச் சின்னதாகப் போடுங்கள் என்றேன்.