சட்டைப் பட்டன் பரீட்சை

என் மனைவிக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். வீடுகளுக்குப் போய் முதியவர்களையும் முடங்கியவர்களையும் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, சான்றிதழ் தந்து, வேலையில் சேர்ப்பது அவள் வேலை. அவள் ஆள் எடுக்கும் விதமே அலாதி. வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வார்த்தை பேசாமல் ஸ்பூனால் தண்ணீரை வாயில் திணிப்பாள். "பரவாயில்ல மேடம்" என்று வழிகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. முகம் சிவந்து கையைத் தட்டிவிடுகிறவர்களைத்தான் எடுப்பாள்.

"படுத்துக் கிடக்கிறவங்களுக்கும் இந்தக் கோபம் வரும். அது தெரிஞ்சவங்கதான் எனக்கு வேணும்" என்பாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

என் தங்கையும் அவளிடம்தான் படித்தாள். புருஷன் கைவிட்ட பிறகு மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். சான்றிதழ் கிடைத்தால் வேலை, வேலை கிடைத்தால் தனிவீடு என்று அதையே நம்பியிருந்தாள். செய்முறைத் தேர்வுக்கு நோயாளியாக எங்கள் அப்பாவே போனார். பஸ் ஓட்டியவர், பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. நோயாளி அப்பா, மார்க் போடுவது அண்ணி. எப்படி ஃபெயிலாவாள்? நான் இனிப்புகூட வாங்கி வைத்துவிட்டேன்.

ஃபெயிலாகிவிட்டாள்.

"அண்ணி, சட்டை மாட்டி, பட்டன் போட்டு, தலைகூட வாரிவிட்டேனே! என்ன குறை?" என்று அழுதாள்.

"மாமாவோட வலது கை நல்லாத்தானே இருக்கு? அவர் போட வேண்டிய பட்டனை நீ ஏன் போட்ட?"

எனக்கு வந்ததே கோபம். "சொந்த நாத்தனாருக்கே இப்படிப் பண்ணிட்டியே, மனசுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

"மறுதேர்வு இருக்கு. அதுலயும் பட்டன் போட்டா அதுலயும் ஃபெயில்தான்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

யோசித்துப் பார்த்தால், கை விழுந்த நாளிலிருந்து எங்களில் ஒருவருமே அப்பாவைப் பட்டன் தொடவிட்டதில்லை. அதைப் பாசம் என்றே நினைத்திருந்தோம்.

மறுதேர்வுக்கு நானும் போய்க் கதவோரம் உட்கார்ந்தேன். தங்கை சட்டையை முதலில் விழுந்த கையில் நுழைத்தாள், பிறகு நல்ல கையில். "பட்டனை நீங்களே போடுங்கப்பா" என்று சட்டை ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். அப்பா முறைத்தார். முதல் பட்டன் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. அவர் நெற்றியெல்லாம் வியர்வை. பொறுக்காமல் நான் எழுந்தேன். இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கை மட்டும் அசையவில்லை.

பட்டன் நுழைந்தது. ஒவ்வொன்றாகக் கடைசிவரை போட்டுவிட்டார். ஆனால் ஓட்டை ஒன்று தள்ளிப்போய், சட்டை ஒரு பக்கம் ஏறி நின்றது.

"அப்பா, ஒண்ணு மாறியிருக்கு. சரி பண்ணட்டுமா?" என்று கேட்டாள் தங்கை.

"வேண்டாம்."

அவள் அதோடு விட்டுவிட்டாள். என் மனைவி "பாஸ்" என்று எழுதிவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒருத்தியைக் கட்டியதற்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். "இனிப்பு எங்கே?" என்றாள்.

வீடு திரும்பும் வழியில் டீக்கடைக்காரர் அப்பாவை நிறுத்தினார்.

"ஐயா, பட்டன் மாறியிருக்கே!"

அப்பா கைத்தடியை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தினார்.

"தெரியும்யா. போட்டது நான்தான்."