முறிகண்டியில் நிற்குமா?

கண்டி வீதியில் ஓடும் எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரைப் பார்க்காதது போலக் கடந்து போவதில்லை. லொறியோ பஸ்ஸோ, கோயிலுக்கு முன்னால் ஒதுங்கி நிற்கும். யாராவது இறங்கித் தேங்காய் உடைப்பார், கற்பூரம் கொளுத்துவார், ஒரு கடதாசிச் சரை கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஏறுவார். அதனால் அந்தப் பக்கத்தில் ஒரு வாகனத்தின் பிறேக்கை விசாரிப்பதற்கு ஒரு பேச்சு இருந்தது. "முறிகண்டியில நிக்குமோ?" நிற்கும் என்றால் பிறேக் நல்லது. அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

தில்லைநாதன் வடமராட்சியிலிருந்து குடியேற்றக் காணிக்கு வந்தவர். கண்டி வீதியிலிருந்து மேற்கே போகும் செம்மண் கிறவல் பாதையில், ஒரு தாம்போதியைத் தாண்டி அவருடைய வீடும் வயலும் இருந்தன. வெயிற்காலத்தில் அந்தத் தாம்போதி ஆற்றுக்குக் குறுக்கே கிடக்கும் வெறும் சீமெந்துத் தளம். மாரியில் தண்ணீர் அதற்கு மேலால் பாயும். காடு வெட்டிய கையால் வேலி கட்டி, கிணறு தோண்டி, மனைவி இராசேஸ்வரியோடு அவர் அங்கே வாழ்ந்தார். பிள்ளைகள் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் இராசேஸ்வரிக்குச் சயரோகம் என்று தெரிந்தது. கிழமைக்கு இரண்டு தரம் கிளிநொச்சிக்குப் போய் ஊசி போடவேண்டும். ஒன்றையும் தவறவிடக் கூடாது என்றார்கள். வீட்டிலிருந்து கண்டி வீதிவரை நடக்க அவளால் முடியவில்லை. வண்டிலில் போய் பஸ் ஏறினால், அவள் இருமும்போது பக்கத்தில் இருந்தவர்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனார்கள். இரண்டாம் முறையோடு இராசேஸ்வரி பஸ்ஸில் ஏற மறுத்துவிட்டாள்.

தில்லைநாதன் தன் வண்டில் மாட்டுச் சோடியைக் கொடுத்து, மாங்குளத்தில் நில அளவையாளர் ஒருவர் வைத்திருந்த பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார். எதிர்க்காணி அப்புத்துரைக்கு அது பொறுக்கவில்லை.

"உமக்கென்ன விசரே? மாடெண்டால் 'ஓ' எண்டு சொல்ல நிக்கும். இது ஆர் சொன்னால் நிக்கும்?"

"இதுக்கும் சொல்லிக் குடுப்பம்," என்றார் தில்லைநாதன்.

வாங்கிய பிறகு முதன்முறை கிளிநொச்சிக்குப் போகையில் முறிகண்டியில் நிறுத்தப் பார்த்தார். சைக்கிள் கோயிலைக் கடந்து, கச்சான் கடைகளையும் கடந்து போய்த்தான் நின்றது. "பிள்ளையாரை விட்டிட்டு எங்கயண்ணை ஓடுறியள்?" என்று கச்சான்காரி ஒருத்தி கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். தில்லைநாதன் சிரிக்கவில்லை. இராசேஸ்வரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கண்டி வீதிக்கு வருமுன் இதைத் திருத்த வேண்டும்.

மாங்குளத்தில் மஹ்றூப் என்பவர் ஒரு கொட்டிலில் லொறிகளும் மோட்டார் சைக்கிள்களும் திருத்தினார். முல்லைத்தீவுக்காரர். அவர் சில்லைக் கழற்றி, பிறேக்கின் டிறம்மைத் திறந்து, உள்ளே பிறைபோல் வளைந்திருந்த இரண்டு பிறேக் சப்பாத்துக்களை வெளியே எடுத்துக் காட்டினார். அவற்றின் மேல் இருந்து டிறம்மை உரசிப் பிடிக்க வேண்டிய லைனிங் தேய்ந்து, ஆணிகளின் தலை வெளியே தெரிந்தது.

"இதால நிப்பாட்டினதே பெரிய காரியம் அண்ணை."

"நல்லாச் செய்ய என்ன வழி நானா?"

"பெரிய சைக்கிள் ஒண்டின்ர முன் சில்லு டிறம்மோட கிடைச்சால் அதைப் போடலாம். ஆனால் இப்ப வெளிநாட்டிலயிருந்து ஒண்டும் வருகுதில்லை. கிடைச்சாலும் நீங்கள் வயலை வித்துத்தான் வாங்கவேணும். அதை விடுங்கோ. கேபிள் இழுபட்டுப் போச்சு, மாத்துவம். டிறம்மில கேபிள் இழுக்கிற இந்தக் கை கட்டையாக் கிடக்கு. கொஞ்சம் நீட்டி ஒட்டினால் அதே பிடிக்கு இரண்டு மடங்கு இழுக்கும். பிறகு லைனிங். அதிலதான் நீங்கள் சொல்லவேணும்."

மேசையில் இரண்டு துண்டுகளை வைத்தார். ஒன்று சாக்குத் துணிபோல் நெய்தது, பழுப்பு நிறம். மற்றது லொறி லைனிங்கிலிருந்து வெட்டியது, கறுப்பு, கல்லுமாதிரி.

"இந்தக் கறுப்பு தண்ணி, வெயில் ஒண்டும் பாக்காது. ஆனால் வெடுக்கெண்டு பிடிக்கும். நெய்தது மெத்தெண்டு பிடிக்கும். ஆனால் தண்ணி குடிக்கும், குடிச்சால் வழுக்கும்."

பழைய பிறேக்கோடு ஒரு நாள் வீட்டு ஒழுங்கையில் இராசேஸ்வரியை ஏற்றிப் பார்த்திருந்தார் தில்லைநாதன். ஒரு குலுக்கலில் அவளுடைய நெஞ்சு அவர் முதுகில் மோதி, இருமல் கிளம்பி, அன்று வாயைப் பொத்திய கைலேஞ்சி இரத்தத்தில் சிவந்தது. அதை அவர் மஹ்றூப்பிடம் சொல்லவில்லை. பழுப்புத் துண்டைத் தொட்டார்.

"இரண்டு சில்லுக்கும் இதைப் போடுங்கோ."

"உங்கட வழியில தாம்போதி இருக்கெல்லே?"

"மாரிக்கு இன்னும் கனநாள் கிடக்கு."

"சரி. ஆனால் தண்ணியைத் தாண்டினால் பிறேக்கை லேசாப் பிடிச்சபடி கொஞ்சத் தூரம் ஓடுங்கோ. சூட்டில காஞ்சிடும். மறக்காதையுங்கோ."

மஹ்றூப் ஆணித் தலைகள் லைனிங்குக்குள் நன்றாகத் தாழும்படி அறைந்தார். லைனிங்கின் முன் விளிம்பை அரத்தால் சரித்துத் தேய்த்தார். அப்படிச் செய்தால்தான் பிறேக் முட்டிப் பிடிக்காது. குறையில்லாத வேலை.

மறுநாள் இராசேஸ்வரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். முறிகண்டியில் பிறேக்கைப் பிடித்தார். தேங்காய் உடைக்கும் கல்லுக்கு நேரே, ஒரு பூவை இறக்கி வைப்பதுபோல் சைக்கிள் நின்றது.

"இஞ்சாருங்கோ," என்றாள் இராசேஸ்வரி, "நான் இடிபடவே இல்லை."

அவளே இறங்கிக் கற்பூரம் கொளுத்தினாள். அந்தக் கோடை முழுவதும் ஒரு ஊசியும் தவறவில்லை. இருமல் குறைந்தது. ஆவணியில் அவள் குசினிக்குள் போய்ச் சமைக்கத் தொடங்கினாள். அப்புத்துரைகூட, "உம்மட இரும்பு மாடு பரவாயில்லை," என்றார்.

ஐப்பசியில் மழை வந்தது. தாம்போதியில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. முதல் சில பயணங்களில் தில்லைநாதன் மஹ்றூப் சொன்னபடி பிறேக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். ஆனால் அப்படி ஓடும்போது இஞ்சின் திணறியது, சைக்கிள் உதறியது, பின்னால் இருமல் கேட்டது. ஒரு நாள் பிடிக்காமலே போய்ப் பார்த்தார். முறிகண்டியில் வழக்கம்போல் கல்லுக்கு நேரே நின்றது. அடுத்த தரமும் நின்றது. தண்ணீரால் ஒன்றும் இல்லை என்று அவர் முடிவெடுத்தார். முறிகண்டியில் நின்றால் பிறேக் நல்லதுதானே. கண்டி வீதியில் அத்தனை தூரம் ஓடி வருவதற்குள் காற்றிலேயே லைனிங் காய்ந்துவிடுகிறது என்பதை அவர் யோசிக்கவில்லை. தாம்போதிக்கும் கண்டி வீதிச் சந்திக்கும் இடையே இருந்த சிறு துண்டுப் பாதையில் அவர் பிறேக்கைப் பிடித்துப் பார்த்ததே இல்லை. அங்கே நிற்க ஒரு தேவையும் இருந்ததில்லை.

கார்த்திகையில் ஒரு காலை. இராசேஸ்வரிக்கு இரவு முழுவதும் காய்ச்சல். தில்லைநாதன் விரைவாகத் தாம்போதியைக் கடந்து ஏறினார். சந்தியில் வைக்கோல் வண்டில் ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. முன் பிறேக்கைப் பிடித்தார். பின் பிறேக்கை மிதித்தார். பிடி வந்தது, மிதி தாழ்ந்தது, சைக்கிள் மட்டும் எண்ணெய் பூசியதுபோல் அதே வேகத்தில் போனது. அவர் வாய்க்காலுக்குள் திருப்பினார்.

அவருக்குச் சிராய்ப்பு மட்டும். இராசேஸ்வரிக்குத் தோள் எலும்பு உடைந்தது. கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி விட்டார்கள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின்னால் இருக்க அவளால் இனி முடியாது.

மாடுகள் இருந்திருந்தால் என்று ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்புத்துரை தன் வண்டிலில் நாலைந்து தரம் கொண்டுபோனார். பிறகு அவருடைய மாடுகளுக்கு வயலில் வேலை வந்தது. அதன்பின் ஆறு பெருகி, தாம்போதியை வண்டிலாலும் தாண்ட முடியாமல் போனது. ஊசிகள் தவறின.

"உங்களை நான் ஒண்டும் சொல்லேல்லையெல்லே," என்று ஒரு நாள் இராசேஸ்வரி சொன்னாள். "பிறகேன் சாப்பிடாமல் இருக்கிறியள்?"

பொங்கலுக்கு முந்திய கிழமை அவள் இறந்தாள். அப்போதும் தாம்போதியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பளவு நீரில் பாடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு தில்லைநாதன் சைக்கிளை மஹ்றூப்பிடம் உருட்டிக்கொண்டு போனார். கறுப்பு லைனிங் போடச் சொன்னார். மஹ்றூப் அவருடைய முகத்தைப் பார்த்தார். இரண்டு சில்லுக்கும் போட்டுக் கொடுத்தார்.

தண்ணீர் கணுக்காலுக்கு வடிந்தபோது அயலவர்கள் ஒன்றைக் கண்டார்கள். தில்லைநாதன் தாம்போதிக்குள் இறங்கி, ஏறி, சந்தியில் பிறேக்கைப் பிடிப்பார். சைக்கிள் வெடுக்கென்று நிற்கும். திருப்பிக்கொண்டு போய் மறுபடியும் இறங்குவார். மறுபடியும் நிற்கும். அப்புத்துரை வேலிக்கரையில் நின்று, "காணும் தில்லைநாதன், வாரும் வீட்டை," என்று கூப்பிட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றோல் முடியும்வரை ஓடினார்.

சித்திரையில் புளியங்குளத்திலிருந்து ஒருவர் சைக்கிளை வாங்க வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ரயரை உதைத்தார். பின் ஆசனத்தின் கிழிசலை விரலால் தடவினார். பிறகு எல்லோரும் கேட்பதைக் கேட்டார்.

"முறிகண்டியில நிக்குமோ அண்ணை?"

தில்லைநாதன் தாம்போதிப் பக்கம் பார்த்தார்.

"முறிகண்டியில அது எப்பவும் நிண்டது," என்றார்.