கடைசி வீட்டுக் குழி

எனக்கு எல்லாவற்றையும் எட்டிப் பார்க்க வேண்டும். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் புது பீரோ வாங்கினார்கள் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அங்கன்வாடி டீச்சர் கூட்டம் போட்டு, "வீட்ல பிள்ளைகளுக்கு அடிபடாமப் பாத்துக்கணும். தெருவுக்கு ஒரு ஆளு வீடு வீடாப் போயிக் கேட்டு எழுதணும். யாரு வாரீங்க?" என்றபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். நல்ல மனசு என்று டீச்சர் பாராட்டினார். நானும் மறுக்கவில்லை.

கேள்விகளை அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். அதை எழுதியவர் எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை என்பது முதல் வீட்டிலேயே தெரிந்துவிட்டது. மாடிப்படியில் கம்பித் தடுப்பு உண்டா என்று இருந்தது. அக்காள்மடத்தில் எங்கள் தெருவில் பதினோரு வீடு, ஒன்றிலும் மாடி கிடையாது. ஆனால் தாளில் இல்லாத ஒன்று எல்லா வாசலிலும் இருந்தது. தண்ணீர்க் குழி.

எங்கள் பக்கம் குழாய் தரைக்கு மேலே நிற்காது. வருகிற தண்ணீருக்கு மேலே ஏறும் வேகம் இல்லை. அதனால் வாசலில் குழி தோண்டி, மணல் சரியாமலிருக்க வட்டமான சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, குழாயை உள்ளே பள்ளத்தில் வைத்திருப்போம். நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். குடத்தைக் குழிக்குள் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

தினமும் பார்க்கிற குழிதான். ஆனால் கையில் பேனா இருந்தால் கண் வேறு மாதிரி பார்க்கும் போலிருக்கிறது. ஒவ்வொரு குழியாகக் குனிந்து உறைகளை எண்ணினேன். எங்கள் வீடு தெருவின் முதல் வீடு, எங்கள் குழியில் இரண்டு உறை. அடுத்த சில வீடுகளில் மூன்று. அதற்கப்பால் நாலு. கடைசி வீட்டில் ஐந்து. அந்தக் குழிக்குள் இறங்குவதற்கு இரண்டு செங்கல்லைப் படியாகப் பதித்திருந்தார்கள். அடியில் முழங்கால் அளவுக்கு உப்புத் தண்ணீர் ஊறிக் கிடந்தது.

அந்த வீட்டு முஸ்லிம் அக்காவை நாங்கள் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு ஒன்றரை வயதில் ஒரு பையன். அவர் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். பெரியவள் பள்ளிக்கூடம் போய்விட்டால் லாத்தாவும் அந்தப் பொடியனும்தான். நான் குழியை எட்டிப் பார்த்தபோது அவனும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

டீச்சரிடம் போய்ச் சண்டை பிடிக்காத குறையாகச் சொன்னேன். ஊரில் பேசி, பாம்பனில் உடைத்துப் போட்ட படகுகளின் பலகைகளை வாங்கி, பதினோரு குழிக்கும் மூடி செய்து போட்டோம். சின்னப் பிள்ளையால் அசைக்க முடியாத கனம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிற போகிறவர்களை எல்லாம் நிறுத்தி மூடியைக் காட்டினேன்.

மூன்றாவது வாரம் அந்தப் பையன் குழிக்குள் விழுந்துவிட்டான்.

லாத்தா நிறைந்த குடத்தை உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டு வெறும் குடத்தோடு திரும்பி வந்திருக்கிறார். குழிக்குள் இரண்டு கால்கள் தெரிந்திருக்கின்றன. அலறல் கேட்டு நாங்கள் ஓடுவதற்குள் அவரே இறங்கித் தூக்கிவிட்டார். பையன் தண்ணீரைக் கக்கினான், பிறகுதான் அழுதான். ஆட்டோவில் ராமேஸ்வரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் பிழைத்து வீட்டுக்கு வந்தான்.

அன்று நான் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "மூடி செஞ்சு குடுத்தோமே லாத்தா, போட்டு வச்சா என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

"தண்ணி வாரப்ப மூடியப் போட்டுட்டு எங்கன பிடிக்கச் சொல்றே?" என்றார் லாத்தா. அவர் கோபப்படக்கூட இல்லை.

இந்தச் சின்ன விஷயம் என் மண்டைக்கு ஏன் எட்டவில்லை? தாளைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி வீடு வீடாகப் போனேன். இந்தத் தடவை ஒரே கேள்வி: உங்கள் பிள்ளைக்கு எப்போது அடிபட்டது? ஒரு வீட்டில் கஞ்சி கொட்டிக் கை வெந்த கதை. இன்னொரு வீட்டில் பிள்ளை ரோட்டுக்கு ஓடி பஸ்காரர் பிரேக் போட்ட கதை. கதை வேறு வேறு, ஆனால் நாள் ஒன்றுதான். "அன்னைக்குத் தண்ணி வந்துச்சு." மூடி திறந்திருக்கிற ஒரு மணி நேரத்தில்தான் தெருவில் ஒருத்தர் கண்ணும் பிள்ளைமேல் இருப்பதில்லை. எல்லோரும் குடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, மூட முடியாது. ஆழத்தையாவது குறைக்க முடியுமா? எதற்காக ஐந்து உறை இறக்கினீர்கள் என்று லாத்தாவிடம் கேட்டேன்.

"எனக்கு முந்துன வீட்டுல நாலு இறக்கிட்டாக. பள்ளத்துலதான தண்ணி விழும்? எனக்குச் சொட்டு வரல."

நாலு இறக்கிய வீட்டில் கேட்டேன். அவர்களுக்கு முந்தின வீடுகளில் மூன்று இறக்கியதால். மூன்று இறக்கிய வீட்டில் கேட்டேன். அந்த அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீதானடி மொதல்ல ரெண்டாவது உறைய இறக்குனே. தெரியாத மாதிரி கேக்குறே?"

உண்மைதான். இரண்டு வருஷத்துக்கு முந்திய கோடையில், நாலு குடம் கூடுதலாகக் கிடைக்கும் என்று என் வீட்டுக்காரரை நச்சரித்து, கடலுக்குப் போகாத நாளில் தோண்ட வைத்தேன். அதுவரை தெரு முழுக்க ஒரே உறைதான். அந்தப் பையன் விழுந்த பள்ளத்தை ஆரம்பித்து வைத்தவள் நான். அன்று சாப்பாட்டுத் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் இதை வாய்விட்டுச் சொன்னேன். வீட்டுக்காரர் முறைத்தார். "ஊருக்கு நல்லது பண்றேன்னு நம்ம குடத்தக் காயப் போடாதே." ஆனாலும் மறுநாள் அவரேதான் எங்கள் குழியில் ஓர் உறை உயரத்துக்கு மணலைக் கொட்டிக் குழாயை ஏற்றி வைத்தார். எங்களுக்குத் தண்ணீர் குறைந்தது. இரண்டு தடவை பொறுத்தேன், மூன்றாவது தடவை, குழாயை ஏற்றாதவர்களை எல்லோர் காதிலும் விழும்படி திட்டினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகக் குழாயை ஏற்றினார்கள். ஒரு வீடு மட்டும் இன்னும் ஏற்றவில்லை. வாரம் ஒருமுறை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கடைசியாக லாத்தா தன் குழியில் மூன்று உறை உயரத்துக்கு மணல் போட்டார். மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வந்த நேரத்தில் அந்த வீட்டிலிருந்து கத்தல். குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பையன் மறுபடி விழுந்திருந்தான். குழிக்குள் நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் விளிம்பில் ஊன்றி, முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தான். தூக்கச் சொல்கிறான்.

லாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தூக்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"இரு, கொஞ்சம் கத்தட்டும்," என்றார். "அன்னைக்கு ஒரு சத்தமும் கேக்கல."