பசி இல்லாதவர்களுக்கு இரண்டு வரி

செயலியைவிட்டு விலகுகிறவர்களுக்கு மார்னி ஹால்லெட் தானே தொலைபேசுகிறாள். காலணிகளைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, பழைய உறையின் முதுகில் பென்சிலை ஊன்றிக்கொண்டு தொடங்குவாள்: "மார்னி பேசறேன். சண்டை போட வரல. ஏன் கெளம்பிட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"பசிக்கல, அதான்" என்றார் அண்மையில் ஒரு லாரி ஓட்டுநர். "எடை கொறைக்கற ஊசி போட ஆரம்பிச்சதுலேர்ந்து பிஸ்கட் டின் அது பாட்டுக்கு இருக்கு, நான் என் பாட்டுக்கு இருக்கேன். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. நடுவுல நீங்க எதுக்கு?"

மார்னி வாய்விட்டுச் சிரித்தாள். அவர் சொன்னதை உறையில் குறித்துக்கொண்டாள்.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. நியூகாஸில் துறைமுகத்தைப் பார்த்த மூன்றாம் மாடியில், எடை குறைக்கும் செயலி ஒன்றுக்கு ஒன்பது ஆண்டுகளாக வாசகம் எழுதுகிறாள். கைப்பேசித் திரையில் இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. ஆகவே எழுத்துகளை விரல்விட்டு எண்ணுவாள். மின்தூக்கியில் உரக்கப் படிப்பாள். உடன் வருபவர் சிரித்தால்தான் அந்த வாசகம் தேறும். மாலை நான்கு மணிப் பசியை அவளைப்போல் அறிந்தவர் அந்த ஊரில் இல்லை.

அவள் பெயர் பெற்றது தங்க நட்சத்திரத்தால். குறைவாகச் சாப்பிட்ட நாளின் முடிவில் அது திரையில் மின்னும்: 'இன்று வென்றவர் நீங்கள், தோற்றது குளிர்பெட்டி.' நகரப் பேருந்துகளின் முதுகிலும் அவ்வரிதான் ஓடுகிறது.

இப்போதோ பசியையே அடக்கும் ஊசி வந்து, ஆட்கள் கூட்டம் கூட்டமாக விலகுகிறார்கள். இந்தக் காலாண்டிலும் இது நிற்காவிட்டால் வாசகப் பிரிவை மூடிவிடுவதாக இளம் மேலாளன் கிரெக் சொல்லிவிட்டான். பிரிவு என்பது மார்னியும் அவள் நாற்காலியுந்தான். ஊசிக்காரர்களிடமும் நட்சத்திரத்தையே விற்பது என்பது அவன் திட்டம். செவ்வாய்க்கிழமை முடிவெடுக்க வேண்டும்.

திங்களன்று, மெய்ட்லாந்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் டெனிஸ் பாப்பஸை மார்னி அழைத்தாள்.

"பதினாலு நட்சத்திரம் வாங்கிட்டேன், கண்ணு" என்றாள் டெனிஸ். "தெனம் ஒரு கப் தயிருதான். ஊசி போட்டப்புறம் பசிச்சாத்தான? நட்சத்திரம் வந்துட்டே இருந்துச்சா, சரியாத்தான் போறோம்னு நெனச்சேன். சனிக்கிழமை கிளப்புல பௌல்ஸ், அதான் புல்தரையில பந்து உருட்டற ஆட்டம், ஆடறப்ப பந்தை எடுக்கக் குனிஞ்சேன், அப்படியே புல்லுல சாஞ்சுட்டேன். என் டீம்காரிங்க, யாரு பந்து கிட்ட நிக்குதுன்னு நான் படுத்து அளக்கறேன்னு பேசாம நின்னாளுங்க."

"ஐயோ. இப்ப எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். டாக்டர் திட்டித் தீர்த்துட்டாரு. ஆட்டத்துல ஜெயிச்சுட்டோம்."

மார்னி சிரித்தாள், பென்சில் மட்டும் நின்றுவிட்டது.

மறுநாள் கூட்டத்தில் கிரெக் வெள்ளைப் பலகை நிறைய நட்சத்திரம் ஒன்றை வரைந்தான்.

"அத அழிச்சுடு, கிரெக்."

"மார்னி, அது நீ பெத்த கொழந்த."

"பசிக்கறவங்களுக்காகப் பெத்தேன். பசிக்காதவங்களுக்கு அது பட்டினிக்குக் குடுக்கற பரிசு. ஒரு அம்மா மயங்கி விழுந்திருக்காங்க. நான் எழுதின வரியால."

"அப்ப ஊசிக்காரங்களுக்கு என்னத்தச் சொல்லி விக்கிறது?"

மார்னி தன் கைப்பேசியில் ஒரு விசையை அழுத்தினாள். மேசையிலிருந்த ஐந்து கைப்பேசிகளும் ஒலித்தன: 'மணி ஒன்று. பசிக்காது; தெரியும். ஒரு முட்டையாவது சாப்பிடுங்கள்.'

"எடை குறைக்கற செயலி, சாப்பிடுன்னு சொல்லுதா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். டெனிஸுக்குப் படிச்சுக் காட்டினேன். இத அனுப்பினா திரும்பி வரேன்னாங்க. சரி, நீ கடைசியா எப்ப சாப்பிட்ட?"

கிரெக்கின் இடைவாரில் புதிதாக இரண்டு துளைகள் இருந்தன. காரணம் அலுவலகம் முழுவதும் அறிந்தது. ஒருவரும் வாய் திறந்ததில்லை. அவன் திரையை மறுபடியும் படித்தான்.

"நேத்து... மத்தியானம்னு நெனைக்கிறேன்" என்றான். பிறகு துடைப்பானை எடுத்து, நட்சத்திரத்தை ஒவ்வொரு முனையாக அழித்தான்.

மார்னி பைக்குள் கைவிட்டு வேகவைத்த முட்டை ஒன்றை எடுத்தாள். மேசை விளிம்பில் தட்டி, ஓட்டை ஒரு துணுக்கும் விடாமல் உரித்து, உப்புப் பொட்டலத்தோடு அவன் பக்கம் நகர்த்தினாள்.